அவள் உட்காரும் இடம்

கண்ணாடிக் கடை அக்கா அந்தப் பழைய வீட்டின் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தபோது பகல் பன்னிரண்டரை. நல்ல வெயில். பேய்க்கதை ஆரம்பிக்க வேண்டிய நேரமே இல்லை. ஆனால் கத்திரியின் ஒலிக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டால் பகலாவது இரவாவது! வீட்டின் பின்பக்கத்தில், ஜன்னலை அடைத்து, சுவர் முழுக்கக் கறுப்புப் பஞ்சுப் பலகை ஒட்டிய அறை அது. கதவைச் சாத்தினால் நம் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும். பஞ்சில் ஊறிய பழைய ஈரத்தின் வாடையும் ஆறிப்போன டீயின் வாடையும் எப்போதும் அங்கே இருக்கும்.

கத்திரி என்பது பட்டப்பெயர். விளம்பரமோ, கம்பெனி அறிவிப்போ, எவன் எதைப் பதிவு செய்து கொண்டுவந்தாலும் அதிலுள்ள இருமல், மூச்சு, தயக்கம், இழுவை எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளிவிட்டுச் சுத்தமாகக் கொடுப்பான். அதில் கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அதே கத்திரியை வாயிலும் வைத்திருந்தான். எதிரே இருப்பவர் ஒரு வாக்கியத்தை முழுதாக முடிக்க அவன் விட்டதே கிடையாது. மூன்று வருடத்துக்கு முன்னால் மனைவி பெட்டியைக் கட்டிக்கொண்டு போனதும் பாதி வாக்கியத்தில்தான். "நான் என்ன சொல்ல வர்றேன்னா..." என்று அவள் ஆரம்பித்தாள். "தெரியும், தெரியும், சீக்கிரம் சொல்லு" என்றான். அவள் சொல்லவில்லை. போய்விட்டாள்.

மகள் மட்டும் அவனோடு தங்கினாள். பாசத்தால் அல்ல, கல்லூரி பக்கத்தில் இருந்ததால். அப்படித்தான் அவனே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வான்.

"சார், இது என் தம்பி பண்ணின மிக்ஸ்" என்று கண்ணாடிக் கடை அக்கா ஒரு பென் டிரைவை மேஜையில் வைத்தாள். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற வேலை அவளுக்கு. தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல் நுனிகளும் வழவழப்பாகிப் போயிருந்தன.

"தம்பி வரலையா?"

"தம்பி இல்ல சார். ஆறு மாசம் ஆச்சு. தூக்கத்துலயே போயிட்டான்."

மனிதனாய்ப் பிறந்தவன் இந்த இடத்தில் ஏதாவது ஒரு வார்த்தை சொல்வான். கத்திரி "ம்" என்றான். அதுவே அவன் கணக்கில் தாராளம்.

"ஒரு விஷுவல் நாவல் இருக்கு சார். கம்ப்யூட்டர்ல படம் வரும், கீழே எழுத்து வரும், தட்டித் தட்டிப் படிச்சுக்கிட்டே போகணும். மலை மேல ஒரு வானிலை நிலையம், அதுல மாட்டிக்கிட்ட அஞ்சு பேரு. அதான் கதை. தம்பிக்கு அது உசிரு. அந்த அஞ்சு பேருக்கும் ஆளுக்கொரு பாட்டு பண்ணி, எல்லாத்தையும் ஒண்ணாச் சேர்த்து..."

"எலக்ட்ரானிக்கா?"

"ஆமா சார். யாரும் பாட மாட்டாங்க. மெஷின் சத்தம்தான்."

"இல்லாத ஆளுங்களுக்கு, இல்லாத வாத்தியத்துல பாட்டு. நல்லாருக்கு" என்றான் கத்திரி. அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு அவனுக்குத் தெரியும். அவன் மகளும் இரண்டு வருடமாக அதே எழவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அழுதுகொண்டே பார்த்தாள். "என்ன மகாராணி, பொம்மை செத்துப்போச்சா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவள் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் படிப்பாள்.

அக்கா நான்காக மடித்த ஒரு தாளைக் கொடுத்தாள். தம்பியின் கையெழுத்து. "ஐந்து பாட்டு. ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் பதினொரு வினாடி மௌனம். தொடக் கூடாது. அது அவள் உட்காரும் இடம்."

"யாரு அவ?"

"தெரியல சார். எனக்கு அந்தக் கதை தெரியாது. ஆனா அந்த மௌனத்துக்குத்தான் அவன் ரொம்ப மெனக்கெட்டான். சும்மா விட்டுட்டுப் போகல. மைக் வச்சுப் பதிவு பண்ணினான். ரூமுல யாரும் இருக்கக் கூடாதுன்னு என்னை வெளியே அனுப்பிடுவான். ஆனா..."

"ஆனா?"

அவள் குரல் இறங்கியது. "முடிச்சிட்டுக் கதவைத் திறக்கறப்போ, அவனுக்கு எதிர்ல இன்னொரு நாற்காலி போட்டிருப்பான் சார்."

கத்திரி சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு வாடகை அரங்கில் தம்பியின் நண்பர்கள் நாற்பது பேர் கூடுகிறார்கள், பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கப்போகிறார்கள், சத்தத்தை மட்டும் சீர்செய்து கொடுத்தால் போதும் என்றாள். தம்பியின் கம்ப்யூட்டர் கெட்டுப்போனதால் வேறு காப்பி இல்லை என்றும் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "அந்த இடத்தை மட்டும் தொடாதீங்க சார்" என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனாள்.

தாளின் மேல் கத்திரி டீ டம்ளரை வைத்தான்.

அசலைத் தொடாதே, நகலில் வேலை செய் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் படிக்கிற பாடம். கத்திரியே பலரை இதற்காகக் காய்ச்சி எடுத்திருக்கிறான். ஆனால் ரசிகக் குஞ்சு ஒன்று வீட்டில் உட்கார்ந்து செய்த மிக்ஸுக்கு நகல் எடுக்கிற மரியாதையெல்லாம் எதற்கு? பென் டிரைவைச் செருகி, அதிலிருந்த ஃபைலையே திறந்தான்.

முதல் பாட்டு நிலையத்தின் சமையல்காரனுக்கு. டும் டும் என்று ஒரே அடி. இரண்டாவது டாக்டருக்கு. அழுகைக்கும் விக்கலுக்கும் நடுவில் ஒரு சத்தம். மூன்றாவது ரேடியோக்காரிக்கு. அது நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதே அவனுக்கு எரிச்சலாக இருந்தது. எவனோ ஒருவன், ஒருத்தரிடமும் கற்றுக்கொள்ளாமல், இரவல் மென்பொருளில் இப்படிச் செய்துவிட்டுச் செத்தும் போய்விட்டான்.

பாட்டுக்குப் பின்னால் அந்த மௌனம் வந்தது. ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான். வெற்று மௌனம் இல்லை அது. ஒரு அறையின் காற்று இருந்தது. தூரத்தில் ஒரு குழாய் சொட்டியது. நாற்காலி ஒன்று லேசாக முனகியது. பிறகு மூச்சு.

ஒரு மூச்சு இடது பக்கம்.

இன்னொன்று வலது பக்கம்.

"ரெண்டு மைக் வச்சிருக்கான் முட்டாள். இடைவெளி சரியில்ல" என்றான் கத்திரி சத்தமாக. அந்த அறையில் அவனைத் தவிர யாரும் இல்லாதபோது சத்தமாக ஏன் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை.

நாற்பது பேர் உட்கார்ந்து ஒன்றுமில்லாததைக் கேட்கப்போகிறார்கள். அவனுக்கு அது பொறுக்கவில்லை. அவன் மென்பொருளில் ஒரு கட்டளை உண்டு. சத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போகிற இடங்களையெல்லாம் ஃபைல் முழுக்கத் தேடிப்பிடித்து, தானாகவே வெட்டி ஒட்டிவிடும். ஒரே ஒரு பொத்தான். தட்டினான். மிக்ஸின் நீளம் ஐம்பத்தைந்து வினாடி குறைந்தது. பாட்டுகள் ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலையாகப் போய் முட்டிக்கொண்டன. அப்படியே சேமித்தான்.

அப்போது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த விருந்தினர் நாற்காலி முனகியது.

உட்கார்ந்திருந்த யாரோ எழுந்துகொண்டது போல.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில்தான் முதல் தடவை நடந்தது. கத்திரி தட்டில் கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தான். கரண்டி தட்டில் உரசியது, ஆனால் சத்தம் வரவில்லை. தெருவில் போகிற வண்டிகளின் சத்தமும் இல்லை. ஃபிரிட்ஜின் உறுமலும் இல்லை. காது அடைத்துக்கொண்டதாக நினைத்துக் கொட்டாவி விட்டுப் பார்த்தான். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. தொழில் புத்தி சும்மா இருக்குமா? மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருந்தான். பதினொன்று.

அன்று மத்தியானம் ஒரு குரல் நடிகர் வந்து சோப்பு விளம்பரத்துக்குப் பேசினார். நடுவில் அவர் உதடு மட்டும் அசைந்தது. பதிவைப் பார்த்தால் பதினொரு வினாடிக்குத் தட்டையான கோடு. ஆனால் பூஜ்யம் இல்லை. பெரிதாக்கிக் கேட்டான். தூரத்தில் குழாய் சொட்டியது. நடிகரின் மூச்சை ஒரு பக்கமும், இன்னொரு மூச்சை மறுபக்கமும் மைக் பிடித்து வைத்திருந்தது.

"கேபிள் கோளாறு" என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டான். தனக்குப் புரியாத எதையும் மட்டம் என்று ஒதுக்கிவிடுகிற ஆசாமி அவன். இதையும் ஒதுக்கப் பார்த்தான்.

ஒதுக்க முடியாமல் போனது வெள்ளிக்கிழமை.

மகள் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். கத்திரி இரண்டடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஃபோனில் எவனுடைய வேலையையோ கழுவி ஊற்றிக்கொண்டிருந்தான். எதிர்முனையில் பேச்சு நின்றது. இவன் பேச்சும் அவனுக்கே கேட்கவில்லை. வந்துவிட்டது என்று வினாடிகளை எண்ண ஆரம்பித்தான். ஒன்பதில் கருகல் வாடை வந்தது. திரும்பினான்.

வாணலி கவிழ்ந்து கிடந்தது. எண்ணெய் மகளின் வலது கை முழுக்க வழிந்திருந்தது. அவள் வாய் பிளந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கண்ணில் நீர் கொட்டியது. அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

சத்தமே இல்லை.

பத்து.

பதினொன்று.

அந்த அலறலின் கடைசித் துண்டு மட்டும் அவன் காதில் வந்து விழுந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டு அழைத்து வந்த பிறகு மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். மணிக்கட்டு வரை வெள்ளைத் துணி. "நான் 'அப்பா அப்பா'ன்னு கத்தினேன். நீங்க திரும்பவே இல்ல" என்றாள்.

"கேக்கலம்மா."

"எனக்கும் கேக்கல. மூணு நாளா இப்படித்தான். பேசிக்கிட்டே இருக்கறப்போ யாரோ என் மேல வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். பாரம் இல்ல. ஆனா உட்காருறாங்க." அவள் கட்டுத் துணியின் நுனியை இழுத்துவிட்டாள். "சரி விடுங்க. நீங்க சிரிப்பீங்க."

கத்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. பயம் வந்தது. மகள் மேல் அவனுக்குப் பாசம் இருந்தது. மலையளவு இருந்தது. அதைக் காட்டினால் கௌரவம் குறைந்துவிடும் என்று இருபது வருடமாகப் பூட்டி வைத்திருந்த மடையன் அவன். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் அந்த விளையாட்டைப் பற்றிக் கேட்டான். மிக்ஸைப் பற்றியும் சொன்னான்.

"வெட்டிட்டீங்களா?" அவள் முகம் வெளுத்தது.

"பதினொரு வினாடி யாரும்மா சும்மா உட்காருவாங்க?"

"அதான்ப்பா கதையே." அவள் கிசுகிசுப்பாகப் பேசினாள், மேஜையில் மூன்றாவது ஆள் இருப்பது போல. "அந்த நிலையத்துல சாப்பாட்டு மேஜையைச் சுத்தி ஆறு நாற்காலி. ஆளு அஞ்சுதான். ஆறாவதுல ஒருத்தி இருக்கா. படம் கிடையாது, பேரு கிடையாது. அவ முறை வரும்போது திரையில வெறும் கட்டம் மட்டும் வரும். எழுத்தே இருக்காது. பதினொரு வினாடி காத்துக்கிட்டு இருக்கணும். அவளை யாரும் பேச விட்டதே இல்லையாம், அதனால அந்த நேரத்தை அவளுக்குக் குடுக்கணும். பொறுமையில்லாம தட்டினா எந்திரிச்சிடுவா."

"எந்திரிச்சு?"

"தட்டினவன் பின்னாடியே போவா. போன இடத்துல தனக்கு ஒரு இடம் தேடுவா. யாரு பேச்சை யாரும் கேக்கறதில்லையோ, அங்க போய் உட்காருவா."

கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "இந்த வீட்ல அது யாருப்பா?"

கத்திரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

உடனே ஒலிக்கூடத்துக்கு ஓடினான். பாட்டுகளுக்கு நடுவில் பதினொரு வினாடி வெற்றிடத்தைச் செருகினான். கம்ப்யூட்டர் தருகிற வெற்றிடம், சுத்தப் பூஜ்யம், காற்றுகூட இல்லாதது. சேமித்துவிட்டு வெளியே வந்தான். மகள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அடுத்த நொடி அவள் குரல் அறுந்தது. அவளுக்குப் பக்கத்து நாற்காலி தானாக இரண்டு விரற்கடை நகர்ந்தது.

கள்ள நாற்காலியில் அவள் உட்கார மாட்டாள் போல. அவளுடைய அசல் மௌனமே வேண்டும். அதுவோ அழிந்துவிட்டது. அது இப்போது இருப்பது ஒரே இடத்தில்தான், இந்த வீட்டில், வந்து வந்து போய்க்கொண்டு. பிடித்துத்தான் ஆக வேண்டும்.

சனிக்கிழமை காலை சாப்பாட்டு மேஜையில் மைக்கை நிறுத்தினான். மகளை எதிரில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிவை ஓடவிட்டான்.

"பேசு."

"என்ன பேசறது?"

"என்ன வேணா. நீ பேசினாத்தான் அவ வருவா."

மகள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். கல்லூரி நூலகத்தில் மின்விசிறி ஓடாததைப் பற்றிச் சொன்னாள். கத்திரியின் நாக்கு நுனி வரை ஒரு நக்கல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். அம்மாவோடு வாரா வாரம் ஃபோனில் பேசுவதைச் சொன்னாள். அவனுக்கு அது தெரியாது. "அம்மா உங்களைப் பத்தி இன்னமும்..." என்றபோது சத்தம் நின்றது.

ஹெட்போனில் குழாய் சொட்டியது. நாற்காலி முனகியது. இடது பக்கம் மகளின் மூச்சு. வலது பக்கம் இன்னொருத்தியின் மூச்சு. அவன் அசையாமல் எண்ணினான். பதினொன்றில் அது முடிந்தது. ஒன்று கிடைத்தாயிற்று.

"அஞ்சாவது படிக்கறப்போ ஒரு கதை எழுதிட்டு வந்து உங்ககிட்ட காட்டினேன்" என்றாள் மகள். "மூணு வரி படிச்சிட்டு, 'இதுக்கு வெத்துத் தாளே நல்லாருந்துச்சு'ன்னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்." அவளுக்கு இப்போது குரல் தடையில்லாமல் வந்தது. எத்தனை வருடத்துப் பேச்சு! கத்திரி ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். வேறு வழியில்லாமல் கேட்டான் என்றாலும் கேட்டான். இரண்டாவது மௌனம் வந்தது. பத்தாவது படிக்கும்போது மேடையில் பேசப் போய்ப் பாதியில் இறங்கிவிட்டதைச் சொன்னாள். முன் வரிசையில் அவன் கொட்டாவி விட்டானாம். அவனுக்கு ஞாபகமே இல்லை. மூன்றாவது வந்தது.

நான்காவது வந்தபோது வலது பக்கத்து மூச்சு மிக அருகில் கேட்டது.

ஹெட்போனுக்கு உள்ளே அல்ல.

வெளியே.

பதினொன்று எண்ணி முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். நாலு! ஐந்து பாட்டு, நடுவில் நாலு இடைவெளி. சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிகிற கணக்கு.

மகளின் கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. "அப்பா, இன்னும் ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்ல நினைச்சது. நான் ஏன் அம்மாகூடப் போகாம இங்க இருந்தேன்னா..."

"அதெல்லாம் அப்புறம். வேலை முடிஞ்சுது" என்றான் கத்திரி, எழுந்துகொண்டே.

அவள் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு மெல்ல மூடிக்கொண்டது. சத்தம் போனதால் அல்ல.

வெற்றிடங்களை எடுத்துவிட்டு, நாலு மௌனத்தையும் பாட்டுகளுக்கு நடுவில் வைத்துச் சேமித்தான். அன்று முழுக்க வீட்டில் எந்தச் சத்தமும் அறுந்து போகவில்லை. கரண்டி தட்டில் உரசிச் சத்தம் போட்டது. மகள் ஃபோனில் தோழியோடு கால் மணி நேரம் பேசினாள், ஒரு இடத்திலும் குரல் நிற்கவில்லை. கத்திரிக்குப் பழைய தெம்பு திரும்பிவிட்டது. பேயாம், நாற்காலியாம். எத்தனை மணி நேரத்தில் சரிசெய்தோம் பார் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டான். சாயங்காலமே, "உன் கூட்டாளிங்க நாளைக்கு என்ன, பொம்மைக்கு மாலை போடுவாங்களா?" என்று ஆரம்பித்துவிட்டான். மகள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிறு நாலு மணி. அரங்கில் நாற்பது பேர். மேடையில் ஆறு நாற்காலி போட்டு, ஐந்தில் அந்தக் கதாபாத்திரங்களின் படத்தை வைத்திருந்தார்கள். ஆறாவது காலி. அதைப் பார்த்துக் கத்திரி உதட்டைச் சுழித்தான். வேஷம் போட்ட ஒரு தடியனை அவனுக்குப் பார்க்கவே சகிக்கவில்லை. கடைசி வரிசையில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மிக்ஸ் ஓடியது. முதல் பாட்டு முடிந்து மௌனம் வந்ததும் நாற்பது பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒருவரும் இருமவில்லை. பெரிய ஸ்பீக்கரில் கத்திரியின் சாப்பாட்டு அறைக் காற்று அரங்கு முழுக்கப் பரவியது. இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. எல்லாம் சுத்தம். ஐந்தாவது பாட்டு மெல்லத் தேய்ந்து நின்றது. ஃபைல் அதோடு முடிந்தது, கத்திரிக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் யாரும் கண்ணைத் திறக்கவில்லை.

நாலு வார்த்தை பேசலாம் என்று கத்திரி எழுந்தான். யோசித்து வைத்திருந்தான். முதலில் தன் வேலையைப் பற்றிக் கொஞ்சம். பிறகு மகளைப் பற்றி ஒரு வரி, எல்லோர் முன்னாலும், அவள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று. நிஜமாகவே சொல்ல நினைத்தான். வாயைத் திறந்தான்.

ஒன்றும் வரவில்லை.

எழுந்தபோது நாற்காலி உரசியதே, அந்தச் சத்தமும் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தொண்டை அதிர்ந்தது, உதடு அசைந்தது, சத்தம் இல்லை. பதினொன்று எண்ணினான். அரங்கு ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு கைதட்டல்.

கண்ணாடிக் கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அஞ்சு இடமும் அப்படியே இருந்துச்சு சார். கடைசியா வந்தது மட்டும் ரொம்பப் பக்கத்துல கேட்டுச்சு."

ஐந்தா? ஒவ்வொரு பாட்டும் முடிந்ததும் என்று அந்தத் தாளில் எழுதியிருந்தது, டீக்கறைக்கு அடியில். கடைசிப் பாட்டும் முடியத்தானே செய்தது! அதற்குப் பின்னால் வருகிற மௌனத்தை எவன் எண்ணுவான்? "கடைசியில என்ன இருந்துச்சு?" என்று கேட்டான். கேட்டதாக நினைத்தான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

அக்கா காத்திருந்தாள். அவள் பார்வை அவன் முகத்தில் இல்லை. அவனுடைய வலது தோளுக்கு மேலே இருந்தது. யாரோ சொல்வதைக் கேட்டு முடித்தவள் போலத் தலையை ஆட்டினாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் கத்திரி வாயைத் திறந்து திறந்து பார்த்தான். எப்போது ஆரம்பித்தாலும் முதல் பதினொரு வினாடி அவனுடையதாக இல்லை. அவன் வாழ்நாளில் பேசியதெல்லாம் வெடுக்கென்று மூன்று வினாடிப் பேச்சு. எல்லாமே அந்த இடத்துக்குள் போய் விழுந்து காணாமல் போயின. பதினொன்றைத் தாண்டிப் பேசுவதற்கு அவனிடம் இப்போது ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது.

சாப்பாட்டு மேஜையில் மகளுக்கு எதிரில் உட்கார்ந்தான். "நேத்து நீ சொல்ல வந்ததை நான் கேக்காம எந்திரிச்சிட்டேன். தப்புதான். இப்ப சொல்லும்மா. நீ ஏன் இங்க இருந்தேன்னு சொல்லு, நான் கேக்கறேன்." உதடு மட்டும் அசைந்தது. குழாய் எங்கோ சொட்டியது. பக்கத்து நாற்காலி முனகியது. அவன் அழுதுகொண்டே பேசினான். பதினொன்று முடியும் முன்பே மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

அவனை அல்ல. அவன் வலது தோளுக்கு மேலே.

அவள் முகம் மெல்ல மலர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவன் அந்த வீட்டில் பார்த்ததே இல்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மேஜை மேல் வைத்து, கன்னத்தை இன்னொரு கையில் தாங்கிக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.